கங்கையம்மன் கையில் இருந்த ஜெர்மன் பேனா

தீனதயாளன் பாவாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகை வர வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. போன மாதம் காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுகூட, வந்திருந்தவர்கள் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குச் சாமி வந்த கதையைத்தான் பேசிச் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் கணக்கில் பாவா கோயில் கோபுரம் உயரத்துக்குக் குதித்தார். எங்கள் தெருக் கோயிலுக்குக் கோபுரமே கிடையாது, சிமெண்ட் கூரைதான். நான் அவருக்கு மைத்துனன், அடுத்த வீட்டுக்காரன். நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் ‘நிர்மலா ஜெராக்ஸ்’ பாவாவின் கடை. நிர்மலா என் அக்கா; அக்கா புருஷனை எங்கள் பக்கம் பாவா என்போம். அந்த வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்தவன் செய்யும் வேலையில் பாதி ஜெராக்ஸ், பாதி பேனா இரவல் கொடுப்பது. பட்டாவுக்கு வருகிறவர்கள், சாதிச் சான்றிதழுக்கு வருகிறவர்கள், ஒருவர் சட்டைப் பையிலும் பேனா இருக்காது. பாவா பால்பாயிண்ட் பேனாக்களை நூலில் கட்டி, கடை முகப்பில் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருந்தார். ஆனாலும் வருகிறவர்களின் கண் அவர் சட்டைப் பையில் இருக்கும் மைப்பேனாவின் மேல்தான் விழும்.

“சார், இது எழுதல. அந்தப் பேனா குடுங்க.”

பாவா நெஞ்சைப் பொத்திக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று தோன்றும்.

“இது எழுதாதுங்க.”

“இப்பதான எழுதிகினு இருந்தீங்க?”

“எனக்கு மட்டும்தான் எழுதும்.”

அவர் பொய் சொல்லவில்லை. மைப்பேனாவின் முள் ஒரு கைக்குப் பழகிவிட்டால் இன்னொருவர் அழுத்தத்தைத் தாங்காது என்று அவர் உறுதியாக நம்பினார். மனைவியைவிடப் பேனாவைத்தான் மனிதர்கள் அதிகம் இரவல் கேட்கிறார்கள் என்று ஒருமுறை சொல்லி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவருடைய வலது கை விரல்கள் எப்போதும் நீலமாக இருக்கும். ஒரு தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலர் அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எத்தினி பூத்துல போட்டுட்டு வரீங்க?” என்று கேட்டார்.

பாவா தனியாள் இல்லை. ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மூன்று பேர். இரண்டாமவர் யோபு வாத்தியார், மிஷன் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது தபால் ஆபீஸ் தமயந்தி. ஞாயிற்றுக்கிழமை யோபு வாத்தியார் ஆராதனை முடிந்து வந்ததும், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்து, இல்லாத பேனாக்களைப் பற்றிப் பேசுவார்கள். யோபு வாத்தியாரின் கனவு, உள்ளே மை ஆடுவது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற உடம்புள்ள ஜப்பான் பேனா. “மை ஆடறதைப் பாக்கணும்னா பாட்டிலையே ஆட்டிப் பாரேன்” என்று அவர் மனைவி யூனிஸ் சொல்லிவிட்டார். தமயந்திக்கு வாரம் ஒரு கனவு. அவர் போனில் உலகத்துப் பேனாக்களின் படமெல்லாம் இருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு சீனத்துப் பேனா, அதுவும் கசியும்.

பாவாவுக்கு மட்டும் ஒரே கனவு. ஒருநாள் திருப்பதியிலிருந்து பத்திரப் பதிவுக்கு வந்த ஒரு பெரியவர் கடையில் நின்றபடியே கையெழுத்துப் போட ஒரு பேனாவை எடுத்தார். கறுப்பும் பச்சையுமாய்க் கோடு போட்ட உடம்பு, தங்க முள், பின்பக்கம் திருகினால் மை உறிஞ்சிக்கொள்ளும். ஜெர்மனியில் செய்தது. அவர் கையெழுத்துப் போட்ட நேரம் முழுக்க பாவா வாயைத் திறந்துகொண்டு நின்றதில், மெஷின் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார். ஒரு பிரதி கேட்டவருக்கு ஒரு கட்டு கிடைத்தது. அதற்குப் பிறகு வேறு எந்தப் பேனாவைப் பார்த்தாலும், “நல்லாருக்குது, ஆனா பச்சைக் கோடு இல்லியே” என்பார்.

கொரோனா அடங்கிய மறு வருஷம், சென்னையில் பேனாப் பிரியர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் அதே பேனா ஒரு சேகரிப்பாளரிடம் இருப்பதாகத் தமயந்தி கண்டுபிடித்துச் சொன்னார். பாவா அன்றுவரை சேர்த்த பேனாக்கள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, துணி சுற்றி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனார். டப்பாவைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பேனாவோடு திரும்பி வந்தார். யோபு வாத்தியார் ஸ்டேஷனுக்கே போய் வரவேற்றார். ராணுவத்திலிருந்து மகன் வந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

அக்கா பேனாவை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“டப்பா நெறைய எடுத்துகினு போயி ஒன்னே ஒன்னு எடுத்துகினு வந்திருக்கீங்க. சாமர்த்தியம்தான். இது இன்னா கலர்ல எழுதும்?”

“நீலம்.”

“அது எல்லாத்துலயும் நீலமாத்தான எழுதுனீங்க?”

பாவா பேனாவைத் திருப்பி வாங்கித் துணியில் துடைத்தார். சில கேள்விகளுக்குப் பதில் இருந்தாலும் வீட்டில் சொல்ல முடியாது.

அந்தப் பேனாவால் அவர் உடனே எழுதிவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எழுதவில்லை. முதல் எழுத்து நல்ல நாளில் எழுத வேண்டும் என்றார். நல்ல நாள் வந்தது, நல்ல தாள் இல்லை. தாள் வந்தது, அதற்கேற்ற மை வரவில்லை. மை வந்த அன்று கரிநாள். யோபு வாத்தியாருக்கு ராகுகாலத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், பாவாவுக்காகக் காலண்டர் பார்த்துத் தந்தார். எல்லாம் கூடி வந்த வெள்ளிக்கிழமைக் காலையில், குளித்துவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தவர், பேனாவைத் தொடுவதற்குள் “ஐயோ” என்று விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டார்.

சிறுநீரகக் கல். வேலூருக்குக் கொண்டு போகலாம் என்று வண்டி பிடித்தோம். வண்டி புறப்படும் முன் அக்கா தெருமுனைக் கங்கையம்மன் கோயிலுக்கு ஓடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து ஏறிக்கொண்டாள். பாதி வழியில் பாவா வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு பெட்ரோல் பங்கின் கழிவறைக்குள் போனார். உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிறகு பாவா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக வெளியே வந்தார். “போயிடுச்சு” என்றார். வண்டியைத் திருப்பினோம். வழியில் டிபன் சாப்பிட்டோம். இரண்டாவது தோசை சாப்பிடும்போதுதான் அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“அம்மன்கிட்ட ஒன்னு வேண்டிக்கினேன்.”

“மொட்டையா? அடிச்சுக்கலாம், அதுக்கென்னா.”

“மொட்டை இல்ல. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பொருள் எதுவோ, அதை உன் காலடியில வெக்கறேன் தாயேன்னு வேண்டிக்கினேன்.”

பாவாவின் கையில் தோசை அப்படியே நின்றது.  பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னார்.

“நிர்மலா, எனக்கு ரொம்பப் பிடிச்சது நீதான். நீ போயி உக்காந்துக்கோ.”

“இத்தினி வருஷத்துல ஒரு தபா சொல்லிருப்பீங்களா இதை? பேனா போவப்போவுதுன்னதும் வாயில வருது பாரு!”

“மலை மேல முருகரு இருக்கச்சொல்ல நீ ஏன் இங்க வேண்டிகின?”

“அவருக்கு ஆயிரம் பேரு வேண்டுதல். நம்ம அம்மன் பக்கத்துல இருக்கறா, சீக்கிரம் கேப்பா. கேட்டாளா இல்லியா?”

கேட்டிருந்தாள். அதுதான் பிரச்சினை.

பாவா ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை டீக்கடைச் சபையில் வைத்தார். பிடித்த பொருள் என்பதற்குத் தோசை என்றுகூடப் பொருள் கொள்ளலாம் என்றார் தமயந்தி. அப்படியானால் தோசை வைத்தால் போதும். யோபு வாத்தியார் தலையாட்டி மறுத்தார்.

“தீனதயாளா, ஆபிரகாமுக்கும் இதே கதிதான். பெத்த புள்ளையைக் கேட்டாரு ஆண்டவரு. இவன் மலைமேல ஏறிட்டான், கத்தியையும் எடுத்துட்டான். கடைசி நிமிஷத்துல இன்னா ஆச்சு? புதர்ல ஒரு ஆட்டுக்கடா மாட்டிகினு நின்னுது. புள்ளைக்குப் பதிலா அதைக் குடுத்துட்டான். நீ தைரியமா எடுத்துகினு போ. கடைசி நிமிஷத்துல ஆடு வரும்.”

பாவா இதைப் பிடித்துக்கொண்டார்.

குறித்த நாளில் பேனாவைத் தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு வைத்தபோது அக்கா தடுத்தாள்.

“உள்ள மை இருக்குதா?”

“இல்ல.”

“வெறும் கொடத்தை யாராச்சும் சாமி முன்னாடி வெப்பாங்களா? ரொப்புங்க.”

பாவா தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த நீல மையை எடுத்து, பின்பக்கத்தைத் திருகி, பேனா உறிஞ்சும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கையோடு ஒரு தாளை இழுத்தார்.

“எழுதக்கூடாது!” என்றாள் அக்கா. “சாமிக்குப் படைக்கறதை முன்னாடியே தின்னு பாப்பமா? எழுதிட்டா அது எச்சில்.”

தாளை நான்தான் வாங்கி வைத்தேன். அவர் விடவில்லை, இழுக்க வேண்டியிருந்தது.

கோயில் வாசலில் உண்மையாகவே ஒரு ஆடு நின்றது. பாவா நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஆடு எங்கள் தாம்பாளத்தை எட்டி ஒரு வெற்றிலையை உருவி, மென்றுகொண்டே தெருவுக்குள் போய்விட்டது. “வாங்க, நல்ல நேரம் போவுது” என்றாள் அக்கா.

பூசாரி கோதண்டம் பகலில் மலைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து மூடி, எடை பார்ப்பதுபோல் கையில் ஆட்டினார்.

“கால்ல வெச்சா எவனாச்சும் தூக்கிகினு போயிடுவான். கையிலயே குடுத்துடலாம்” என்று சொல்லி, அம்மன் சூலம் பிடித்த கையில், சூலத்துக்கும் விரலுக்கும் இடையில் இருந்த சந்தில் பேனாவைச் செருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

பேனா பிடித்த அம்மன் என்ற பேச்சு ஊரில் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெண் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கோதண்டம் ஹால் டிக்கெட்டைப் பேனாவில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தார். அந்த ஹால் டிக்கெட்டுகளை நகல் எடுக்க நிர்மலா ஜெராக்சுக்குத்தான் வந்தார்கள், ஆகவே கடையில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. பாவா மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

“உள்ள மை காயுதுடா உதயா” என்பார் என்னிடம். “மூடியைச் சரியாத் திருகலை அந்த ஆளு. கற்பூரச் சூடு வேற. அடிக்கடி கழுவணும். கழுவாம விட்டா உள்ள ஒட்டிகினு பின்னாடி திருகவே வராது. அப்புறம் அது பேனா இல்ல, குச்சி.”

“அது இப்ப அம்மன் பேனா பாவா. அவ பாத்துப்பா.”

“அவளுக்குப் பேனாவைப் பத்தி இன்னா தெரியும்?”

பேனா தன்னுடையதாக இல்லாததை அவர் தாங்கிக்கொண்டார். ஒரு எழுத்துகூட எழுதாமல் அது செத்துப்போகும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு முறை கோதண்டத்திடம் போய்க் கேட்டார். “சாமி கையில இருக்கறதைக் கழுவ நீ யாருய்யா?” என்று அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆடி வந்தது. முதல் வெள்ளி, அம்மனுக்கு அபிஷேகம். தெரு முழுக்கக் கூடியிருந்தது. பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாவா கடையிலிருந்து அப்போதுதான் வந்து, பின்வரிசையில் என் பக்கத்தில் நின்றார். கோதண்டம் அம்மனின் நகைகளைக் கழற்றி வைத்தார். சூலத்தைக் கழற்றவில்லை. பேனாவின் மூடியை மட்டும் திருகி எடுத்தார். “மூடி இருந்தா அபிஷேகம் உள்ள எப்பிடிப் போவும்?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. பாவாவின் மூச்சும் எனக்குக் கேட்டது.

முதல் குடம் பால். தங்க முள்ளின் மேல் வெள்ளையாக வழிந்தது. பாவா என் தோளைப் பிடித்தார். அடுத்து தயிர். பிடி இறுகியது. மூன்றாவதாகக் கோதண்டம், வாழைப்பழமும் வெல்லமும் தேனும் பிசைந்த பஞ்சாமிர்தச் சட்டியைத் தூக்கினார்.

“ஏய்ய்ய்ய்!”

அப்படி ஒரு குரல் பாவாவுக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினார். வேட்டி ஒருவர் காலில் மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையையும் தூக்கியபடி அம்மன் முன்னால் போய் நின்றார். உடம்பு நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்கினார். ஆனால் ஆடி வெள்ளியில், பம்பைச் சத்தத்தில், அம்மன் முன்னால் ஒருவர் அலறிக்கொண்டு நடுங்கினால் அதற்கு எங்கள் தெருவில் ஒரே பொருள்தான்.

“ஓம் சக்தி!” என்றது கூட்டம். பம்பை இரண்டு மடங்கு வேகமானது. யாரோ ஒரு குடம் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். கோதண்டம் பஞ்சாமிர்தச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கற்பூரத் தட்டோடு எதிரே வந்தார்.

“தாயே! இன்னா கொறை? வாயைத் தெறந்து சொல்லு!”

“அதை ஊத்தாதே! சக்கரை உள்ள போனா அவ்ளோதான்!”

“அம்மனுக்குச் சக்கரை ஆவலையாம்” என்றாள் என் முன்னால் நின்ற கிழவி. “எத்தினி வருஷமாப் பொங்கலா வெக்கறோம், அவளுக்கும் வந்துடுச்சு போலக்குது.”

“பாலு வேணாமா தாயே?”

“பாலு வேணாம்! தயிரு வேணாம்! தண்ணி! வெறும் தண்ணி!”

“சில்லுன்னா?”

“வெதுவெதுப்பா! சுடக்கூடாது! முள்ளு முழுகற வரைக்கும்!”

முள் என்றதும் கோதண்டம் அம்மனின் சூலத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைப் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் தொட்டுக் கும்பிட்டார். அதற்குள் இரண்டு வீட்டிலிருந்து வெந்நீரும் தண்ணீரும் வந்து, ஒரு அண்டாவில் கலந்துவிட்டார்கள். பாவா விரலை விட்டுப் பார்த்தார்.

“யாரு கழுவணும் தாயே?”

“நான்! நான்தான்! வேற எவனும் தொடக்கூடாது!”

அம்மனே கழுவிக்கொள்கிறாள் என்று கூட்டம் சிலிர்த்தது. பாவா பேனாவைச் சூலத்திலிருந்து மெல்ல உருவினார், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல. அண்டா முன்னால் குந்தி, முள்ளைத் தண்ணீரில் அமிழ்த்தி, பின்பக்கத்தைத் திருகினார். வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுபடி திருகினார். திருகு கொஞ்சம் அசைந்தது. சட்டென்று பேனாவிலிருந்து கருநீலமாக ஒரு தாரை அண்டாவுக்குள் புகைபோலப் பரவியது.

அதைப் பார்த்ததும் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. முன்வரிசைப் பெண்கள் கையை ஏந்திக்கொண்டு அண்டாவில் பாய்ந்தார்கள்.

“குடிக்காதீங்க! அது மை! மைம்மா!” என்று பாவா கத்தினார்.

குடிக்கக் கூடாது என்று அம்மன் சொன்னதால் நெற்றியில் பூசிக்கொண்டார்கள். கைக்குழந்தைகளுக்கும் பூசினார்கள். கோதண்டம் தன் ஆட்டோவின் முன்கண்ணாடிக்கும் கொஞ்சம் தெளித்தார். உயர்ந்த மை, லேசில் போகாது. அடுத்த வாரம் முழுக்க எங்கள் தெருக்காரர்களை ஊரில் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்தது.

அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். “இவருக்கா சாமி வரும்? ஷட்டரைப் பூட்டிட்டு வரேன், இருன்னு சாமிக்கே சொல்லுவாரு” என்றாள் என்னிடம். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா இன்னிக்கு ஷட்டரைப் பூட்டாமத்தான்டா வந்திருக்காரு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வராத சாமி வந்ததாக ஊர் நம்பியது பாவாவுக்கு உறுத்தியது. மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கோதண்டத்தின் வீட்டுக்குப் போனார்.

“கோதண்டம், ஒன்னு சொல்லணும். நேத்து எனக்குச் சாமி வரல. பஞ்சாமிர்தத்தை ஊத்திடப்போறியேன்னு கத்துனேன், அவ்ளோதான்.”

கோதண்டம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஆங். அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

“நெஜமாத்தான்யா.”

“எத்தினி பேரைப் பாத்திருக்கேன்? வந்தவங்களுக்கு வந்தது தெரியாது. ‘எனக்கு வந்துச்சு’ன்னு சொல்றவனைத்தான் நம்பக்கூடாது. நீ வரலைங்கற. அதான் உனக்கு வந்துச்சுன்றதுக்கு அத்தாட்சி.”

 கோதண்டமே தொடர்ந்தார். அம்மன் வாக்குப்படி இனி வெள்ளிக்கிழமை தோறும் பாவா வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பேனாவைக் கழுவ வேண்டும். பாவா சரி என்றார். ஆனால் உடனே இன்னொன்று சொன்னார்.

“கழுவுனா மை ரொப்பணும். ரொப்புனா எழுதிப் பாக்கணும். எழுதிப் பாக்காம மூடி போடக்கூடாது.”

“அம்மன் பேனாவுல மனுசன் எழுதறதா?” கோதண்டம் துடைப்பதை நிறுத்திவிட்டார். “அது என் கையில இல்ல. பூக்கட்டிக் கேப்போம்.”

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் எழுதலாம், சிவப்பு வந்தால் கூடாது. வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். கேள்விப்பட்டதும் யோபு வாத்தியார் அந்த வாரம் முழுக்க முழங்காலில் நின்றார். “கர்த்தரே, வெள்ளைப் பூ வரட்டும்” என்று அவர் ஜெபித்ததைக் கேட்ட யூனிஸ், “இதைப் பாஸ்டர் காதுல போடாதே, உன்னை வெளியில நிறுத்திடுவாரு” என்றாராம்.

வெள்ளிக்கிழமை பொட்டலத்தை அக்காவே எடுத்தாள். கோதண்டம்தான் அவளை எடுக்கச் சொன்னார். வேண்டிக்கொண்டவள் அவள்தானே. கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் பாவாவைப் பார்த்தாள். பாவா அம்மனைப் பார்க்கவில்லை, பொட்டலத்தையும் பார்க்கவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பிரித்தாள். மல்லி.

அங்கேயே கழுவி, மை நிரப்பி, தரையில் சம்மணமிட்டார். கடையில் வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நல்ல தாள் எல்லாம் வீட்டில் இருந்தது, எடுத்து வர மறந்துவிட்டார். முள்ளைத் தாளின் அருகே கொண்டு போனார். நிறுத்தினார். மறுபடி கொண்டு போனார். என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் எதால் எழுதுவது என்று யோசித்தாரே தவிர, எதை எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. நாங்கள் காத்திருந்தோம். கோதண்டத்துக்குச் சவாரி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. கடைசியில் கை தானாக ஓடியது:

‘நிர்மலா ஜெராக்ஸ், தாலுகா ஆபீஸ் எதிரில், திருத்தணி. லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் செய்து தரப்படும்.’

எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடிப் பாவா இருக்குது?”

“தண்ணி மேல போறாப்புல இருக்குதுடா” என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் ஒரு வரி எழுதினார். ஒரு வரிதான், அதற்கு மேல் கோதண்டம் விடமாட்டார். ஒவ்வொரு ஆடியிலும் கூட்டம் பாவாவை எதிர்பார்த்தது. அவரோ முதல் வெள்ளியன்று கழுவும் வேலையை விடிகாலையிலேயே முடித்துவிட்டு, அபிஷேக நேரத்துக்கு யோபு வாத்தியார் வீட்டில் போய் ஒளிந்துகொண்டு, யூனிஸ் சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டிருப்பார்.

இந்தப் பங்குனியில் கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சில் கை வைத்திருந்தார். யாரோ பேனா கேட்டார்கள் என்றுதான் எதிர்க்கடைக்காரர் முதலில் நினைத்தாராம்.

தீட்டு நாட்களில் யாரும் பேனாவைத் தொடவில்லை. காரியம் முடிந்த பிறகு கோதண்டம் வந்து என்னிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். “அம்மன் பேனா அப்பிடியே கெடக்குது. நான் திருகிப் பாத்தேன், வரல. வேற ஆளு தொடக்கூடாதுன்னு வாக்கு. இன்னா பண்றதுன்னு தெரியல. அவரோடவே வெச்சிருக்கணுமோன்னு கூடத் தோணுது. இல்ல, வீட்டுக்கே குடுத்துடட்டுமா?”

உள்ளேயிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் குடுத்ததை நான் திருப்பி வாங்க மாட்டேன்” என்றாள்.

கோதண்டம் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். கையில் பிளாஸ்கும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் இருந்தன. கோயிலுக்கு நடந்தோம். அவள் உள்ளே போகவில்லை. வாசல் படிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். கோதண்டம் பேனாவைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாக்கைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, விரலால் சூடு பார்த்தாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தாள். முள்ளை அமிழ்த்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் எடுக்கப் போனேன், “ஊறணும்” என்று கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் ஆறியதும் கொட்டி, வேறு தண்ணீர் விட்டாள். மூன்றாவது கிண்ணத்தில் திருகு அசைந்தது. நீலம் மெல்ல இறங்கியது. தண்ணீர் தெளியும் வரை திருகித் திருகிக் கழுவி, முந்தானையில் ஒற்றினாள். மடியிலிருந்து மைப் புட்டியை எடுத்து நிரப்பினாள். பாவா இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. வருஷக்கணக்கில் அவளிடம் புலம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

“தாள் இருக்குதா?” என்றாள்.

என் பையில் ஒரு ரசீது இருந்தது. அதன் பின்பக்கத்தில் அவள் நிதானமாக எழுதினாள். துவரம்பருப்பு ஒரு கிலோ. பச்சைமிளகாய். தேங்காய் எண்ணெய். எழுதி முடித்துத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“எழுதுது” என்று சொல்லி, மூடியைத் திருகிக் கோதண்டத்திடம் கொடுத்தாள். அவர் உள்ளே போய் அம்மன் கையில் செருகினார்.

ரசீதை என்னிடம் நீட்டினாள். “போவச்சொல்ல அப்பிடியே கடையில இதையெல்லாம் வாங்கிகினு வந்துடு.”

நான் வாங்கி, சட்டைப் பையில் வைக்க மடித்தேன்.

“மடிக்காதடா” என்றாள் அக்கா. “மை காயல.”